தொழில் இல்லை என்று நான் தட்டிய வரி

"கிளவுட்ல போட்டு வச்சிருக்கேன், எங்கிருந்து வேணும்னாலும் எடுத்துக்கலாம்" என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். சொல்பவர் மேல் ஒரு தப்பும் இல்லை. எங்கோ இருக்கும் கம்ப்யூட்டரில் ஃபைலைப் போட்டு வைப்பதையும், இங்கே உட்கார்ந்தபடி அதை எடுப்பதையும் இவர்கள் புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி பேசுகிறார்கள். அந்த வேலையை 2005லேயே மரக்காணத்தில் நான் சம்பளத்துக்குச் செய்தேன். அப்போது அதற்கு மேகம் என்றெல்லாம் பெயர் இல்லை, சர்வர் என்போம். எங்கிருந்து வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பது உண்மைதான். எங்கிருந்து வேண்டுமானாலும் யாரை வேண்டுமானாலும் அழித்துவிடலாம் என்பதை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

சுனாமி வந்த அடுத்த மாதம், சென்னையிலிருந்து ஒரு தொண்டு நிறுவனம் எங்கள் ஊருக்கு வந்து பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு முன்னறையை வாடகைக்குப் பிடித்தது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு போன் லைன். நான் கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்துவிட்டு இரண்டு வருடமாக வீட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். உடனே வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். வீடு இழந்தவர்களைப் பற்றிய கணக்கெடுப்பு அட்டைகளை டைப் செய்வதும், சாயங்காலம் அந்த ஃபைலைச் சர்வருக்கு அனுப்புவதும்தான் வேலை. சர்வர் எந்த நாட்டில் இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அனுப்புவதற்கு அழகான ஜன்னல், மஞ்சள் ஃபோல்டர் எதுவும் கிடையாது. எங்கள் போன் லைனில் அதெல்லாம் பாதியில் மூச்சை நிறுத்திவிடும். அதனால் கறுப்புத் திரையைத் திறந்து எழுத்தாகவே கட்டளை கொடுக்க வேண்டும். சர்வர் பெயரைத் தட்டினால் அது யூசர் நேம் கேட்கும், பிறகு பாஸ்வேர்டு கேட்கும். பாஸ்வேர்டைத் தட்டும்போது திரையில் ஒரு புள்ளிகூட வராது. நம் விரல்மேல் நமக்கு நம்பிக்கை இருக்க வேண்டும். உள்ளே போனதும் 'டிர்' என்றால் அங்கே இருக்கும் ஃபைல்களின் பெயரெல்லாம் வரிசையாக இறங்கும். 'கெட்' என்றால் அங்கிருந்து இங்கே வரும். 'புட்' என்றால் இங்கிருந்து அங்கே போகும். அங்கே அதே பெயரில் பழைய ஃபைல் இருந்தால், கேள்வியே கேட்காமல் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கடைசியாக யார் போட்டார்களோ அவர்கள் சொன்னதுதான் சட்டம். இது முதலில் எனக்கு வேடிக்கையாக இருந்தது.

அட்டைகளை எழுதியவர்கள் சென்னைக் கல்லூரிப் பிள்ளைகள். தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாகக் குப்பம் குப்பமாகப் போனார்கள். அட்டையில் பெயர், வயது, குடும்பத்தில் எத்தனை பேர், வீடு என்ன ஆனது என்று கட்டங்கள் இருந்தன. ஐந்தாவது கட்டம், தொழில்.

ஜனவரியில் எங்கள் உப்பளத்தை யாராவது பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை. மழைக்காலத்தில் பாத்திகள் முழுக்கத் தண்ணீர் நிற்கும், வரப்புகூடத் தெரியாது. அந்த வருஷம் அலை வேறு வந்து மண்ணைக் கொண்டுவந்து கொட்டியிருந்தது. தண்ணீர் வற்றி, பாத்தியை மிதித்துச் சமன் செய்து, உப்பு பூக்க ஆரம்பிக்கும்வரை உப்பளத்தில் கூலி கிடையாது. அந்த மாதங்களில் எங்கள் ஜனத்திடம் "என்ன வேலை செய்றீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "இப்ப ஒண்ணும் இல்லீங்க" என்பார்கள். உப்பு வாரி வாரிக் காலெல்லாம் வெடித்துப்போன மனுஷியும் அப்படித்தான் சொல்வாள். இன்றைக்குக் கூலிக்குப் போகவில்லை என்றால் இல்லை என்று சொல்வதுதான் அவர்களுக்கு நாணயம். பாத்தியில் தண்ணீர் நிற்கும்போது உப்பு வேலை செய்கிறேன் என்று சொன்னால் அது பொய்.

பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். தொழில்: இல்லை.

என் சித்தியின் அட்டையும் அந்த அட்டைக் கட்டுக்குள் இருந்தது. அம்மாவுக்கு நேர் இளையவள். பதினாலு வயதில் உப்பளத்தில் இறங்கியவள். புருஷன் கட்டட வேலைக்கென்று சென்னைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் பார்த்துக்கொண்டான். உப்பளத்தை ஒட்டிய தெருவில் அவளுடைய மண் வீடு அலையில் கரைந்து போய், இப்போது தார் ஷீட் போட்ட கொட்டகையில் இருந்தாள். உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. வெயிலில் தார் உருகி அவள் தலைமேல் சொட்டும். அடுத்த மழைக்குள் அவளுக்கு ஒரு வீடு வேண்டும். இதுதான் விஷயம், வேறு ஒன்றுமில்லை.

அவள் அட்டையை நானே டைப் செய்தேன். தொழில் என்ற இடத்தில் 'இல்லை' என்று இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. என் சித்திக்குத் தொழில் இல்லையாம்! திருத்திவிடலாமா என்று ஒரு நிமிஷம் கை நின்றது. ஆனால், அட்டையில் இருப்பதை அப்படியே அடிக்கணும், ஒரு எழுத்து கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். முதல் வேலை, முதல் சம்பளம், நல்ல பெயர் எடுக்க வேண்டும் என்ற ஆசை. இல்லை என்று தட்டிவிட்டு அடுத்த அட்டைக்குப் போய்விட்டேன். அந்த ஒரு நிமிஷத்துக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

பங்குனி வெயில் ஏறியபோது, வீடு கொடுக்கப்போகிறவர்களின் பட்டியலைச் சர்வரில் போட்டுவிட்டதாகச் சென்னையிலிருந்து போன் வந்தது. நான் அதை எடுத்து, பிரிண்ட் போட்டு, வாசலில் ஒட்ட வேண்டும். காலையிலேயே கறுப்புத் திரையைத் திறந்து 'கெட்' கொடுத்தேன். ஃபைல் வந்து இறங்கியது. முதல் வேலையாகச் சித்தி பெயரைத் தேடினேன். இல்லை. எழுத்துப் பிழையாக இருக்கும் என்று தெருவின் பெயரைப் போட்டுத் தேடினேன். தெருவே இல்லை. உப்பளத்தை ஒட்டிய மூன்று தெருக்களில் ஒரு ஆள்கூட இல்லை. இத்தனைக்கும் அந்த மூன்று தெருவையும் அலை துடைத்து எடுத்திருந்தது.

சென்னையில் பொறுப்பாளராக இருந்தவருக்குப் போன் போட்டேன். சாந்தமான மனிதர், பேச்சில் ஒருநாளும் குரல் உயராது. அதுவே எனக்கு எரிச்சல்.

"ஏம்மா, லிஸ்ட்டோட தலைப்பைப் பார்த்தியா? வீடும் தொழிலும் இழந்தவங்க. தொழில் இல்லாதவங்க தொழிலை எப்படிம்மா இழக்க முடியும்? கம்ப்யூட்டர்ல ஃபில்டர் போட்டோம், அவங்க தானா விழுந்துட்டாங்க."

"சார், அவங்க எல்லாரும் உப்பளத்துல வேலை செய்றவங்க சார். ஜனவரியில கேட்டா இல்லன்னுதான் சொல்லுவாங்க."

"நீதானம்மா டைப் பண்ணே? இல்லைன்னு நீயே அடிச்சிருக்க."

 போனை வைத்தேன். உடம்பெல்லாம் எரிந்தது. தானா விழுந்துட்டாங்களாம். யாரும் தள்ளவில்லையாம். கேட்ட பிள்ளைக்கு உப்பளம் தெரியாது, ஃபில்டர் போட்டவருக்கு மரக்காணம் தெரியாது. இரண்டும் தெரிந்த நான் வாயை மூடிக்கொண்டு தட்டினேன். இதில் யார் மேல் கோபப்படுவது? நான் எல்லார் மேலும் பட்டேன்.

பட்டியலை வாசலில் ஒட்டவில்லை. அட்டைக் கட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் உப்பளத்துக்குப் போனேன். அதற்குள் சீசன் தொடங்கியிருந்தது. 'தொழில் இல்லாதவர்கள்' எல்லாரும் உச்சி வெயிலில் பலகையால் உப்பை வாரிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். வரப்பில் நின்றபடி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக் கேட்டேன். எத்தனை வருஷமாக உப்பளத்தில் வேலை? எந்த முதலாளியின் பாத்தி? ஒவ்வொருவரிடமும் கைநாட்டோ கையெழுத்தோ வாங்கினேன். இரண்டு நாள் ஆனது. அறுபத்தொரு குடும்பம்.

"முன்னமே உப்புன்னு சொல்லியிருக்கக் கூடாதா சித்தி?" என்று கேட்டேன்.

"அந்தப் பொண்ணு இப்ப இன்னா வேலைன்னுதான்டி கேட்டுச்சு. அப்ப இன்னா இருந்துச்சு? தண்ணிதான் நின்னுச்சு" என்றாள். நியாயம்தானே?

மூன்றாம் நாள் காலை பழைய கணக்கெடுப்பு ஃபைலில் அறுபத்தொரு இடத்திலும் 'உப்பளக் கூலி' என்று மாற்றினேன். அதே ஃபில்டரை நானும் போட்டேன். இப்போது யாரும் தானாக விழவில்லை. சென்னைப் பட்டியலின் பெயரிலேயே சேமித்து, கறுப்புத் திரையைத் திறந்து, 'புட்' கொடுத்தேன். அனுமதி கேட்டேனா? கேட்கவில்லை. கேட்டிருந்தால் குரல் உயராமல் ஒரு பதில் வந்திருக்கும்.

மறுநாள் பார்த்தால் பழைய பட்டியல் மறுபடி அங்கே இருந்தது. சென்னையில் யாரோ தங்களிடம் இருந்த பிரதியை மேலே போட்டிருந்தார்கள். நான் என்னுடையதைப் போட்டேன். மத்தியானம் பார்த்தால் மறுபடி அவர்களுடையது. நான் மறுபடி போட்டேன். இப்படி நாலு நாள். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை, கடிதம் இல்லை, போன் இல்லை. அறுபத்தொரு குடும்பம் காலையில் உள்ளே, மத்தியானம் வெளியே, சாயங்காலம் உள்ளே. அவர்கள் பாட்டுக்கு உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். ஐந்தாம் நாள் நான் நெட்டில் இருந்ததால் போன் லைன் கிடைக்காமல், பொறுப்பாளர் பக்கத்து மெடிக்கல் ஷாப்புக்குப் போன் போட்டு என்னைக் கூப்பிட்டார். ஊசி, மாத்திரை வாங்க நின்ற ஜனத்துக்கு நடுவில் நின்றுதான் பேசினேன்.

பணம் கொடுக்கும் வெளிநாட்டுக்காரர்களும் அந்தச் சர்வரைப் பார்ப்பார்களாம். எனக்கு அது தெரியாது. என்னுடைய பட்டியல் மேலே இருந்த ஒரு மணி நேரத்தில் அவர்கள் எடுத்துப் பார்த்துவிட்டு, உப்பளத் தொழிலாளர்களையும் சேர்த்தது ரொம்பச் சந்தோஷம் என்று கடிதம் போட்டிருந்தார்களாம். இனி அவரால் அதை மாற்ற முடியாது.

"சந்தோஷம்தானே சார்?" என்றேன். அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது.

"இரும்மா. இந்த அறுபத்தொண்ணுல உன் சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். உப்பளத்துக்காரி வீட்டில் வளர்ந்த புத்தி, கேட்டதற்கு உள்ளதைச் சொல்லிவிட்டது. "எங்க சித்தி சார். ஒருத்தங்கதான்."

"ஸ்டாஃபோட சொந்தக்காரங்களுக்கு வீடு கிடையாதுன்னு நம்ம ரூல். உனக்கே தெரியும், கையெழுத்துப் போட்டிருக்கே. நாளைக்கு ஆடிட்ல இது வெளிய வந்தா, சித்திக்காக லிஸ்ட்டையே மாத்திட்டான்னு சொல்லுவாங்க. அறுபது பேரும் சேர்ந்து போயிடுவாங்க. அந்த ஒரு பேரை எடுத்துட்டு ஃபைலைப் போடு. மத்தவங்களுக்கு நான் கேரண்டி."

"நான் வேலையை விட்டுடறேன் சார். இப்பவே எழுதித் தர்றேன்."

"கணக்கெடுப்பு நடந்த தேதியில நீ ஸ்டாஃப்மா. இப்ப விட்டு என்ன பிரயோஜனம்?"

விதி சரியான விதி. அதுதான் என் வயிற்றெரிச்சல். தப்பான விதியாக இருந்தால் அங்கேயே காறித் துப்பியிருப்பேன். சொந்தக்காரருக்கு வீடு ஒதுக்கும் ஆட்களை நானே ஊரில் நாலு பேர் பார்த்திருக்கிறேன். ஆனால் கையெழுத்துப் போட்டபோது என் சொந்தக்காரி வீட்டை இழந்தவள் என்பது அவர்களுக்குத் தெரியாதா? உள்ளூர்க்காரியை வேலைக்கு வைத்தால் உள்ளூர்க்காரர்கள்தானே சொந்தமாக இருப்பார்கள்?

ஆபீசுக்கு வந்து உட்கார்ந்தேன். 'கெட்' கொடுத்தேன். ஃபைல் வந்தது. சித்தியின் வரியைத் தேர்ந்தெடுத்து அழித்தேன். கீழே இருந்த வரி மேலே ஏறி அந்த இடத்தை மூடிக்கொண்டது. அவள் அங்கே இருந்த அடையாளமே இல்லை. 'புட்' கொடுத்தேன். அனுப்பியாகிவிட்டது என்று சர்வர் எப்போதும் போல ஒரு வரி சொன்னது. அரை நிமிஷம்கூட ஆகவில்லை. ராஜினாமாக் கடிதத்தைக் கீபோர்டின் மேல் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

சித்தியிடம் நேராகப் போய்ச் சொன்னேன். அவள் அழுவாள், நானும் சேர்ந்து அழலாம் என்று நினைத்துப் போனவள் நான். அவள் பலகையைக் கீழே போட்டாள்.

"அறுபது பேருக்கு நல்லது பண்ண நீ யாருடி? என் பேரை எடுக்கறதுக்கு என்னைக் கேட்டியா?"

"எடுக்கலன்னா எல்லாருக்கும் போயிடும் சித்தி."

"போனா போவுது! எல்லாருமா கொட்டாயில கெடப்போம். நான் மட்டும் ஏண்டி கெடக்கணும்? உன்னை இடுப்புல தூக்கிச் சொமந்தேனே, அதுக்கா?"

பக்கத்துப் பாத்திகளில் பலகைச் சத்தம் நின்றது. எல்லாரும் கேட்டார்கள். அந்த அறுபதில் இருந்தவர்கள்தான் அவர்கள்.  ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டு மறுபடி வார ஆரம்பித்தார்கள். அவர்கள் மேலும் எனக்குக் கோபம் வந்தது. அவர்கள் என்ன செய்திருக்க முடியும் என்று இன்றைக்கு நிதானமாகக் கேட்டுக்கொண்டாலும் அந்தக் கோபம் போக மறுக்கிறது.

அதன்பின் சித்தி என்னிடம் பேசவில்லை. வீட்டு விசேஷங்களில் நான் பரிமாறும் வரிசையில் உட்கார மாட்டாள். நான் பாண்டிச்சேரியில் ஒரு டிடிபி கடையில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் வேலைக்குப் போய்விட்டேன். அந்த வருஷ மழை வந்தது. கொட்டகைக்குள் முழங்கால் தண்ணீர் என்று அம்மா சொன்னாள். மழை விட்டதும் வீட்டு வேலை தொடங்கியது. உப்பளத் தெருக்களுக்கு அறுபது வீடு. பொறுப்பாளர் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

2006இல் ஒரு நாள் கடையில் வேலை இல்லை. நெட் இருந்தது. விரல் சும்மா இருக்கவில்லை. கறுப்புத் திரையைத் திறந்து பழைய சர்வர் பெயரைத் தட்டினேன். பழைய பாஸ்வேர்டையே தட்டினேன். உள்ளே விட்டுவிட்டது. நான் போய் ஒரு வருஷம் ஆகியும் ஒருத்தருக்கும் அதை மாற்றத் தோன்றவில்லை. 'டிர்' கொடுத்தேன். வீடுகள் என்று ஒரு புது ஃபோல்டர் இருந்தது. அதில் படங்கள், ஒவ்வொரு படத்துக்கும் அதே பெயரில் ஒரு சின்ன எழுத்து ஃபைல். முதலில் இருந்த படத்துக்கு 'கெட்' கொடுத்தேன்.

படத்தில் என் சித்தி.

சும்மாடு வைத்து, தலையில் ஒன்பது செங்கல் அடுக்கி, பாதி எழும்பிய சுவருக்கு முன்னால் நிற்கிறாள். யாரோ சிரிக்கச் சொல்லியிருக்க வேண்டும், சிரித்திருந்தாள். உப்பளத்தில் தண்ணீர் நிற்கும் மாதங்களில் அவள் சித்தாள் வேலைக்குப் போவாள், அது எனக்குத் தெரியும். இந்த வீடுகளுக்கே போனாள் என்பது தெரியாது. எழுத்து ஃபைலைத் திறந்தேன். தலைப்பு ஆங்கிலத்தில் இருந்தது. தன் புது வீட்டைத் தன் கையாலேயே கட்டும் உப்பளப் பெண் என்று அர்த்தம்.

கடையில் கூட வேலை செய்த பெண் ஓடி வந்தாள். நான் மேஜையை ஓங்கித் தட்டியிருக்கிறேன்.

அந்த வரிகளை அழித்தேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினேன். இந்தப் பெண்ணுக்கு இங்கே வீடு இல்லை. இவள் பெயர் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. எடுத்தவள் நான். இவள் மற்றவர்களின் வீட்டுக்குக் கூலிக்குச் செங்கல் சுமக்கிறாள். ஒரு வருஷத்துக்கு மேலாகத் தார் ஷீட்டுக்குக் கீழே இருக்கிறாள். இவள் படத்தை வைத்துக்கொள்ள ஆசையிருந்தால் ஒரு வீட்டைக் கொடுத்துவிட்டு வைத்துக்கொள்ளுங்கள். கீழே என் பெயரையும் கடையின் போன் நம்பரையும் போட்டேன். அதே பெயரில் சேமித்து 'புட்' கொடுத்தேன். பழையதன்மேல் ஏறி உட்கார்ந்தது.

ஒரு வாரம் கடையில் போன் அடிக்கும்போதெல்லாம் நானே ஓடிப்போய் எடுத்தேன். பத்திரிகைக்கு என்ன விலை, எத்தனை நாளில் கிடைக்கும் என்றுதான் கேட்டார்கள். எட்டாம் நாள் மறுபடி கறுப்புத் திரையைத் திறந்தேன். யூசர் நேம் கேட்டது, கொடுத்தேன். பாஸ்வேர்டு கேட்டது, கொடுத்தேன். தவறு என்றது. நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து மறுபடி தட்டினேன். தவறு என்றது.

ஆக, யாரோ படித்திருக்கிறார்கள். என் சித்திக்கு வீடு இல்லை என்பதை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, அவசரமாகச் செய்ய வேண்டியது என்னவென்று யோசித்து, பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறார்கள்.